ஏழை சொல் அம்பலம் ஏறும் வழி

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பழமொழி என்பது ஒரு சமூகம் தான் பட்டறிந்ததைச் சுருங்கக் கூறும் சொல்லாதலின், அதனைப் பொய்யென்று எளிதில் தள்ளிவிடுதல் இயலாது. அம்பலம் கூடிய இடத்தில் இன்று நீதிமன்றம் நிற்கின்றது. அதன் வாயில் யாவர்க்கும் திறந்தே உள்ளது. ஆயினும் உள்ளே வழங்குவது சட்டத்தின் மொழி. அம்மொழியைப் பேசவல்லாரை அமர்த்திக்கொள்ளப் பொருள் வேண்டும். பொருளில்லாதான் என் செய்வான்?

இவ்வினாவிற்கு நம் நாட்டுச் சட்டம் இன்று தெளிவான விடையொன்று வைத்திருக்கின்றது. அவ்விடை எவ்வாறு பிறந்தது, அதனாற் பயன்பெறுதற்குரியார் யாவர், அதனை அடையும் வழி யாது, அடையாமைக்குக் காரணம் யாது என்பவற்றை ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ந்து முடிவில், சட்டம் பயிலாத மாணவரும் இதன்கண் செய்யத்தக்க தொண்டு ஒன்று உண்டு என்பதனையும் காட்ட விழைகின்றோம்.

கேளாமையால் விளைந்த கேடு

சிலப்பதிகாரம் கற்றார் யாவரும் கோவலன் கொலைப்பட்ட வரலாற்றை அறிவர். பொற்கொல்லன் ஒருவன் குற்றஞ் சாட்டினான். அரசன் காவலரை ஏவினான். சிலம்பு கையில் இருந்தமையே சான்றாகக் கொள்ளப்பட்டது. அச்சிலம்பு எங்கிருந்து வந்தது என்று கோவலனை அரசவையில் நிறுத்தி வினவினார் ஒருவரும் இலர். அவன் பொருட்டுப் பேசுவாரும் இலர். அவன் அயலூரான்; பொருள் இழந்தவன்; மதுரையில் அவனை அறிந்த பெரியார் எவரும் அவைக்கண் இல்லை.

பின்னர்க் கண்ணகி அவை புகுந்து வழக்குரைத்தாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்னும் ஒரே சான்றினால் வழக்கை வென்றாள். அரசனும் தன் பிழையை உணர்ந்து உயிர்விட்டான். ஆகவே, பாண்டியன் நெஞ்சில் நீதி இல்லாமல் இல்லை. உரிய காலத்தில் உரிய சொல் அவன் செவியை எட்டவில்லை என்பதே உண்மை. சொல்ல ஒருவர் வந்தபோது காலம் கடந்துவிட்டது. வழக்கறிஞர் ஒருவர் வேண்டப்படுவது தீர்ப்புக்குப் பின்னன்று, முன்னரே என்னும் உண்மையை இக்கதையினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறு வேண்டா.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றி அரசன் காலத்தில், 1495ஆம் ஆண்டில், வறியோர் கட்டணமின்றி வழக்குத் தொடுக்கவும், அவர்க்கு வழக்கறிஞரை நியமித்துக் கொடுக்கவும் ஒரு சட்டம் செய்யப்பட்டது. ஆயினும் அரசாங்கம் தன் பொருளைக்கொண்டு பரந்த அளவில் இவ்வுதவியை அளிக்க முன்வந்தது, நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயாம். இடைப்பட்ட காலமெல்லாம் ஏழைக்கு உதவுதல் பெரும்பாலும் வழக்கறிஞரின் அறமாகவே கருதப்பட்டு வந்தது.

அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வழக்கு நம் சிந்தனைக்குரியது. புளோரிடா நாட்டில் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்னும் ஏழை ஒருவர், பில்லியர்ட்ஸ் விளையாட்டுக் கூடம் ஒன்றை உடைத்து உட்புகுந்து திருடினார் என்று 1961ஆம் ஆண்டில் குற்றஞ் சாட்டப்பட்டார். தமக்கு வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தித் தருமாறு அவர் நீதிபதியை வேண்டினார். மரண தண்டனைக்குரிய வழக்குகளிலன்றிப் பிறவற்றில் அவ்வாறு செய்ய அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்று விடை கிடைத்தது. அவர் தாமே வாதித்தார், தோற்றார், ஐந்தாண்டுச் சிறை பெற்றார். சிறையில் இருந்தவாறே பென்சிலால் ஒரு விண்ணப்பம் எழுதி உச்ச நீதிமன்றத்திற்கு அனுப்பினார். 1963ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம், கொடுங் குற்றஞ் சாட்டப்பட்ட ஏழைக்கு வழக்கறிஞரை அளித்தல் அரசின் கடமை என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே கிடியனின் வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டது. இம்முறை அவர் அருகில் ஒரு வழக்கறிஞர் இருந்தார். முன்னர்க் கேட்கப்படாத வினாக்களைச் சாட்சியிடம் கேட்டார். கிடியன் குற்றமற்றவர் என்று விடுதலை பெற்றார்.

குற்றச்சாட்டு அதுவே, குற்றஞ் சாட்டப்பட்டவரும் அவரே. முதல் விசாரணைக்கும் இரண்டாவது விசாரணைக்கும் இருந்த பெரு வேறுபாடு, வினாவத் தெரிந்த ஒருவர் உடனிருந்தமையே. சட்ட உதவி என்பது ஏழைக்கு இடும் பிச்சையன்று. உண்மையை வெளிக்கொணரும் கருவி என்பது இதனாற் புலனாகும்.

நம் நாட்டில்

நம் நாட்டில் முன்னாளில் 'பாப்பர் வழக்கு' என ஒன்று வழங்கியதைப் பெரியோர் அறிவர். நீதிமன்றக் கட்டணம் செலுத்த வகையில்லாத வறியவர் அதனைச் செலுத்தாமலே சிவில் வழக்குத் தொடுக்க 1908ஆம் ஆண்டுச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் கட்டளை இடந்தருகின்றது. கட்டணம் அறவே ஒழிக்கப்படுவதில்லை. வாதி வென்றால் அரசாங்கம் அதனை வசூலித்துக்கொள்ளும். எனினும் கட்டணத்தை ஒத்திவைத்தல் ஒன்று. வாதிக்க ஒருவரைத் தருதல் மற்றொன்று. இவ்வழக்குகளில் வழக்கறிஞரை நீதிமன்றமே அமர்த்தித் தரலாம் என்னும் விதி 1976ஆம் ஆண்டுத் திருத்தத்திற்றான் வந்தது.

1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியற் சட்டம், கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும், அவரைக்கொண்டு வாதாடவும் உரிமை உடையர் என்று 22ஆம் உறுப்பில் கூறிற்று. ஆயின் பொருளில்லாதார்க்கு அவ்வுரிமை ஏட்டளவினதே. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், செஷன்ஸ் நீதிமன்ற விசாரணையில் வழக்கறிஞரை அமர்த்த இயலாதவர்க்கு அரசாங்கச் செலவில் ஒருவரை நியமிக்க வேண்டுமென விதித்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதலாக அதற்குப் பதிலாய் வந்துள்ள புதிய சட்டத்திலும் இவ்விதி 341ஆம் பிரிவாக நிற்கின்றது. 1976ஆம் ஆண்டில் அரசியற் சட்டத்தில் 39-அ என்னும் உறுப்பு சேர்க்கப்பட்டது. பொருளின்மை முதலிய குறைகளால் எந்தக் குடிமகனும் நீதி பெறும் வாய்ப்பை இழக்காதவாறு இலவசச் சட்ட உதவி அளித்தல் அரசின் கடன் என்பது அதன் கருத்து.

இவ்வுறுப்புக்கு உயிரூட்டியவர் நீதிபதிகள் வி. ஆர். கிருஷ்ணய்யரும் பி. என். பகவதியும் ஆவர். 1979ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் பல ஆண்டுகளாக அடைபட்டுக் கிடக்கும் செய்தி நாளிதழொன்றில் வெளிவந்தது. கபிலா ஹிங்கோரானி என்னும் பெண் வழக்கறிஞர் அதனை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தாலும் எத்துணை ஆண்டுகள் தண்டனை பெற்றிருப்பரோ, அதனினும் மிகுதியான காலம் சிலர் விசாரணையே இன்றிச் சிறையிற் கழித்திருந்தனர். ஜாமீன் கேட்கலாம் என்று அவர்க்குச் சொல்வார் இலர். கேட்பதற்கு ஆளும் இலர். ஹுஸைனாரா காத்தூன் வழக்கு எனப்படும் அவ்வழக்கில், இலவசச் சட்ட உதவி, உயிரையும் உரிமையையும் காக்கும் 21ஆம் உறுப்பினுள் அடங்கியது என்று நீதிமன்றம் கூறியது. பணமில்லை என்று கூறி அரசாங்கம் இக்கடமையினின்றும் தப்ப இயலாது என்றும், கைதியை மாஜிஸ்திரேட்டின் முன் முதன்முதல் நிறுத்தும்போதே இக்கடமை தொடங்குகின்றது என்றும் 1981ஆம் ஆண்டில் மற்றொரு வழக்கில் தெளிவாக்கியது.

இவையனைத்தினும் நாம் கருதத்தக்கது 1986ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட சுக் தாஸ் வழக்கு. அருணாசலப் பிரதேசத்தில் குற்றஞ் சாட்டப்பட்ட ஒருவர் வழக்கறிஞரின்றியே விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார். சட்ட உதவி வேண்டுமென்று அவர் கேட்கவில்லை என்பதே அரசாங்கத் தரப்பின் விடை. உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தமக்கு இத்தகைய உரிமை உண்டு என்று அறியாதவர் அதனை எவ்வாறு கேட்பர்? கேளாமை பற்றி உரிமை அழியாது. அதனை அறிவித்தல் நீதிபதியின் கடமை என்று கூறி, தண்டனையைத் தள்ளுபடி செய்தது. ஏழைக்குப் பொருளின்மை ஒரு குறை. தன் உரிமையை அறியாமை அதனினும் பெருங் குறை என்பதனை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது இவ்வழக்கிலேயாகும்.

உதவி பெறுதற்குரியார்

இக்கருத்துகளெல்லாம் ஓர் அமைப்பாக உருப்பெற்றது 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தினால். அச்சட்டம் 1995ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளே ஆண்டுதோறும் தேசியச் சட்டப் பணிகள் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. இதன் 12ஆம் பிரிவின்படி உதவி பெறுதற்குரியார் பின்வருமாறு:

1. தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் பழங்குடியினரும்.

2. பெண்டிரும் சிறுவரும்.

3. மனித வாணிகத்திற்கு ஆளானோரும், கட்டாய வேலையிற் சிக்கினோரும்.

4. உடற்குறையோ மனக்குறையோ உடையோர்.

5. வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், ஆலை விபத்து, இனக்கலவரம், சாதிக் கொடுமை முதலியவற்றால் எதிர்பாராது இடர்ப்பட்டோர்.

6. ஆலைத் தொழிலாளர்.

7. சிறையிலோ, காவலிலோ, காப்பு இல்லங்களிலோ இருப்போர்.

8. மேற்கூறியவற்றுள் அடங்காராயினும், அரசாங்கம் வகுத்த வரம்பிற்குக் குறைந்த ஆண்டு வருமானம் உடையோர்.

வருமான வரம்பு எட்டாம் வகையார்க்கு மட்டுமே உரியது என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். பெண் ஒருவர், அவர் குடும்பத்தின் வருமானம் யாதாயினும், பெண் என்னும் ஒரு காரணம் பற்றியே இவ்வுதவிக்கு உரியவர். காவலில் உள்ளவரும் அத்தகையரே. வரம்பினைத் தத்தம் மாநிலத்திற்கு மாநில அரசாங்கங்கள் வகுக்கின்றன. உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கு அது 5 லட்சம் ரூபாய். வருமானத்தைக் காட்டப் பிரமாணப் பத்திரம் ஒன்றே பெரும்பாலும் போதும் என்று சட்டம் கூறுகின்றது. வழக்கில் வாதிப்பதற்கேற்ற அடிப்படை உண்டா என்பது மாத்திரம் ஆராயப்படும்.

பெறும் வழி

டில்லியில் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், மாநிலந்தோறும் மாநில ஆணைக்குழுவும், மாவட்ட நீதிபதியைத் தலைவராகக் கொண்டு மாவட்டந்தோறும் மாவட்ட ஆணைக்குழுவும், அதன் கீழ் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் உள்ளன. மாவட்ட ஆணைக்குழுவின் அலுவலகம் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்தினுள்ளேயே இருக்கும். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதித் தரலாம். எழுத அறியாதார் வாயாற் கூறினால் அங்குள்ளோர் எழுதிக்கொள்வர். நாடெங்கும் 15100 என்னும் தொலைபேசி எண்ணில் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

வழக்கறிஞரின் ஊதியம், நீதிமன்றக் கட்டணம், பத்திரங்கள் ஆயத்தஞ் செய்யும் செலவு, சாட்சிகளை அழைக்கும் செலவு, தீர்ப்பு நகல் பெறும் செலவு ஆகியவை இவ்வுதவியுள் அடங்கும். இவ்வாறு நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் பணமாகவோ பொருளாகவோ யாதும் பெறுதல் கூடாது. குற்றவியல் வழக்குகளில் ஏழையர்க்காகவே முழுநேரமும் உழைக்கும் வழக்கறிஞர்களை நியமிக்கும் திட்டம் ஒன்றும் 2022ஆம் ஆண்டு முதல் நடந்துவருகின்றது.

இச்சட்டத்தின் மற்றொரு பயன் மக்கள் நீதிமன்றம். வழக்காடுவோர் இருவரையும் ஒருங்கே அமர்த்திச் சமாதானமாகத் தீர்த்துவைக்கும் இம்முறை, 1982ஆம் ஆண்டில் குஜராத்தின் ஜுனாகட் பகுதியில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. விபத்து நஷ்டஈடு, வங்கிக் கடன், சொத்துப் பிரிவினை, குடும்பப் பூசல் முதலியன இங்கே தீர்க்கப்படுகின்றன. சமாதானத்திற்கு இடமில்லாத கொடுங் குற்றங்களை இஃது ஏற்பதில்லை. இங்கே கட்டணமில்லை, முன்னரே நீதிமன்றத்திற் செலுத்திய கட்டணமும் திருப்பித் தரப்படும். ஆனால் ஒன்று நினைவிற் கொள்க: இங்கு எழுதப்படும் முடிவு சிவில் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்கு ஒப்பானது; அதன்மேல் அப்பீல் இல்லை. ஆதலின், எழுதியிருப்பது இன்னதென்று அறியாது கையொப்பமிடுதல் தகாது. உடன்பாடு இல்லாதவரை உடன்படச் செய்ய எவர்க்கும் அதிகாரமில்லை. அவர் வழக்கு வழக்கம்போல் நீதிமன்றத்தில் நடைபெறும்.

குறை எங்கே?

சட்டம் இத்துணைத் தெளிவாக இருப்பவும், பழமொழி இன்னும் வழக்கொழியவில்லை. காரணம் யாது? கற்பனையாக ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு சிற்றூரில் கூலி வேலை செய்யும் தாய் ஒருத்தி இருக்கின்றாள். வெள்ளிக்கிழமை மாலை அவள் மகனைப் போலீசார் அழைத்துச் செல்கின்றனர். மறுநாள் அவள் தன் ஆட்டை விற்றுப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நகரத்திற்கு வருகின்றாள். நீதிமன்ற வாயிலில் அறிமுகமில்லாத ஒருவன், "ஆத்தா, ஐயாகிட்ட நான் சொல்றேன், பணத்தைக் கொடு" என்கின்றான். அவளும் கொடுத்துவிடுகின்றாள். அவள் மகன் காவலில் உள்ளவன். ஆகவே அவன் கேட்டாலும் கேளாவிடினும் வழக்கறிஞருக்கு உரியவன். அவ்வழக்கறிஞரைத் தரும் அலுவலகம், அவள் பணத்தை எண்ணிக் கொடுத்த இடத்திலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கின்றது. அதன் வாயிலில் பெயர்ப் பலகையும் உண்டு. அவளுக்கோ படிக்கத் தெரியாது.

இத்தாயினிடத்துக் குறை யாது? வறுமை மட்டுமன்று, வறுமைக்குச் சட்டம் மருந்து வைத்திருக்கின்றது. அவள் அருகில் நின்று, "அம்மா, அந்த அறைக்குப் போவோம்" என்று சொல்ல ஒருவர் இல்லாமையே குறை. மற்றும் ஒரு குறையுண்டு. விலையின்றி வருவது தரமின்றி இருக்கும் என்னும் ஐயம் நம் மக்களிடத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. சில இடங்களில் அவ்வையத்திற்குக் காரணமும் இல்லாமலில்லை. ஊதியம் குறைவென்று கருதி ஊக்கங் குன்றுவோரும் இருத்தல் கூடும். ஆயினும் வழக்கறிஞர் கடமை தவறினால் ஆணைக்குழுவிடம் முறையிட்டு வேறொருவரை வேண்டலாம் என்பதையும் அவ்வேழைக்கு யாரேனும் சொல்லுதல் வேண்டும். ஆக, சுற்றிச்சுற்றி நாம் வந்து சேருமிடம் ஒன்றே: அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லுதல்.

நாம் செய்யத்தக்கது

இவ்விடத்தேதான் நம் மாணவரைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றோம். 2009ஆம் ஆண்டில் தேசிய ஆணைக்குழு, சட்டம் பயிலாத பொதுமக்களைச் சட்டத் தன்னார்வத் தொண்டராகப் பயிற்றும் திட்டமொன்றை வகுத்தது. ஆசிரியர், ஓய்வுபெற்ற அலுவலர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுவினர் ஆகியோரோடு மாணவரும் அதன்கண் சேரலாம். நெடுந்தண்டனை பெற்ற நன்னடத்தையுள்ள கற்ற கைதிகளும் தம்மோடிருக்கும் கைதிகளுக்கு உதவச் சேரலாம். இத்தொண்டர் வழக்காடுவதில்லை. மக்களுக்கும் சட்டத்திற்கும் இடையே பாலமாக நிற்பதே இவர் பணி. விண்ணப்பம் எழுதித் தருதல், உரிய அலுவலகத்திற்கு அழைத்துச் செல்லுதல், உரிமை இன்னதென்று விளக்கிக் கூறுதல் என்பன இவர் செய்வன.

தொண்டராகப் பதிவு செய்துகொள்ள இயலாதாரும் செய்யத்தக்கன சில உள. நம்முள் பலர் சிற்றூர்களிலிருந்து வந்தவர். நம் குடும்பங்களில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தோரும் நம்மிடையே பலர். விடுமுறையில் ஊர் செல்லுங்கால், நிலத்தகராறு பற்றியோ, கூலி கிடையாமை பற்றியோ, கணவன் கைவிட்டமை பற்றியோ, போலீஸ் நிலையத்திலிருந்து வந்த அழைப்புப் பற்றியோ உறவினர் நம்மிடம் பேசுதல் இயல்பு. "நமக்கு ஏன் வம்பு" என்று அப்பொழுது வாளா இராமல், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இத்தகைய அலுவலகம் உண்டு என்றும், அங்கே பணம் வேண்டா என்றும் சொல்லுதல் நம்மால் ஆகாததன்று. கூடவே சென்று வருவதாயின் அதனினும் நன்று. படித்த பிள்ளை ஒருவன் உடன் வந்தால், அரசாங்க அலுவலகத்தின் படியேற அஞ்சும் கிழவியும் அஞ்சாது ஏறுவாள் என்பதை நம் அனுபவத்தில் யாவரும் அறிவோம். நம் முன்னாள் மாணவருள் வழக்கறிஞராய் இருப்போர், ஆண்டில் ஒரு மாலைப் பொழுதேனும் கல்லூரிக்கு வந்து இவற்றை விளக்கிக் கூறின், அஃது இக்கல்லூரிக்கு அவர் செய்யும் கைம்மாறாகும்.

கல்வியின் பயன் ஈதென்று யாம் கூறப் புகவில்லை. கல்வி பெற்றார்க்கு ஒரு கடன் உண்டு என்று மட்டுமே கூறுகின்றோம். படிக்கத் தெரியாத ஒருவர் பெயர்ப் பலகையின் கீழ் நிற்கும்பொழுது, அதனைப் படித்துக் காட்டுதல் அக்கடனின் மிகச் சிறிய பகுதியாகும்.

கண்ணகி வழக்குரைத்ததாகச் சொல்லப்படும் மதுரையில், 2004ஆம் ஆண்டு முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் கிளையொன்று இயங்கிவருகின்றது. வறியோர்க்கு உதவும் சட்டப் பணிகள் குழுவும் அங்கே உண்டு. இன்று அந்நகரில் கோவலனைப் போல் அயலூரானாகவும் பொருளற்றவனாகவும் ஒருவன் பிடிபடுவானாயின், அவனைக் கேளாது தண்டித்தல் சட்டப்படி ஆகாது. அவன் பொருட்டுப் பேச ஒருவரைத் தருதல் அரசின் கடன். அக்கடன் நிறைவேறுதற்கு, அப்படியொரு கடன் உண்டென்று அறிந்த ஒருவர் அவன் அருகில் இருத்தல் வேண்டும். அவ்வொருவர் நம்முள் ஒருவராய் இருத்தல் கூடும். ஏழை சொல்லும் அம்பலம் ஏறும், ஏற்றிவிடுவாரே வேண்டும்.